மதிய நேரத்து எண்கள்

வீட்டுப் பூனை மேஸ்திரி பின்னங்காலைத் தரையில் அப்படியே பதித்து நடப்பதை முதலில் கவனித்தவள் சின்னவள்தான். பூனை என்றால் விரலை ஊன்றி நடக்கும். இது குதிகாலையும் சேர்த்து ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வதுபோலச் சமையலறையிலிருந்து தையல் அறைக்கு வந்தது. நிலைப்படியைத் தாண்டும்போது அதன் பின்பாதி ஒரு பக்கமாகச் சரிந்தது. நின்றது. மறுபடி நிமிர்ந்து நடந்தது.

"அக்கா, இது நடக்கிறதைப் பாரேன்."

பெரியவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வயசாச்சு. எனக்கும்தான் முட்டி வலிக்குது. என்னை யாரு பாக்கிறா?"

"விளையாடாதக்கா. ராத்திரி வச்ச தண்ணி கிண்ணம் காலி. குளியலறை வாளியிலயும் போய்க் குடிக்குது. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுது, முதுகைத் தடவினா எலும்புதான் கைக்கு வருது."

மிஷின் நின்றது. பெரியவள் குனிந்து கையை நீட்ட, மேஸ்திரி வந்து அந்தக் கையில் தலையை முட்டியது. அவள் அதன் முதுகில் விரல்களை ஓட்டினாள். துணியின் தரம் பார்க்கிற மாதிரி மெதுவாக, கழுத்திலிருந்து வால்வரைக்கும் போனாள். கையை எடுத்துக்கொண்டாள்.

மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. கீழே ஜெராக்ஸ் கடை. முன்னறையில் பெரியவளின் மிஷின், வெட்டிய துணிக்கட்டுகள், சுவரோரம் தைத்து முடித்த பள்ளிச் சட்டைகள் அடுக்கு. அவள் கணவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்னாலிருந்தே தையல்தான். சின்னவள் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு அக்காவிடமே வளர்ந்தவள். கல்யாணம் செய்து போன இடம் சரிப்படாமல் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் ஒரு பையுமாகத் திரும்பி வந்தாள். பைக்குள் கையளவு பூனைக்குட்டி இருந்தது. "புருஷனை விட்டுட்டு வரத் தெரிஞ்சுது, இதை விட்டுட்டு வரத் தெரியலையா?" என்று கேட்டாள் பெரியவள். அதோடு சரி. மறுநாளே குட்டிக்குத் தனியாகத் தட்டு வைத்தவளும் அவள்தான். துணிக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தைப்பவளை நாளெல்லாம் கண்காணித்ததால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வந்தது.

சின்னவளுக்கு வேலை சலவை ஆலையில். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் கொடுத்து வாங்க வேண்டும். காலை ஏழரைக்கு உள்ளே போனால் நாலரைக்கு வெளியே. அன்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மேஸ்திரியைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு விலங்கு டாக்டரிடம் போனாள்.

அங்கே நாய் ஒன்று விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி கூடையின் மூலையில் சுருண்டு, காதைத் தட்டையாக்கி, தரையோடு தரையாகிவிட்டது. டாக்டரம்மா அதை மேஜையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். காதில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினில் வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சர்க்கரைதானா டாக்டர்?"

"இருக்கலாம். ஆனா இதை வச்சுச் சொல்ல மாட்டேன். பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிடும். இங்க வந்து நாய் சத்தம் கேட்டு, என் கையில மாட்டி, அதுக்கு உயிரே போயிருக்கும். வீட்டுல, அது படுக்கிற இடத்துல வச்சே பாக்கணும். மூணு நாள், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்."

"நான் வேலைக்குப் போயிடுவேனே."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"அக்கா இருக்கா. வீட்டுலதான் தைக்கிறா."

"தையல்காரம்மாவா? அப்ப உங்களை விட நல்லா குத்துவாங்க."

டாக்டரம்மா அந்த மாதிரி ஒரு மிஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் கொடுத்து, எல்லாவற்றையும் செய்து காட்டினாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து காதில் வைத்துச் சூடாக்க வேண்டும். காதின் ஓரத்தில் மெல்லிய நரம்பு ஓடும். அதை ஒட்டிக் குத்த வேண்டும். பின்பக்கம் பஞ்சு வைத்துக்கொண்டால் விரலில் குத்தாது. துளி எழும்பியதும் ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். முடிந்ததும் ஒரு துண்டு கோழி கொடுத்துவிட வேண்டும். "மிஷின்ல எண் வரும். எண்ணுக்குப் பதிலா ஹைன்னோ லோன்னோ எழுத்து வந்தா யோசிக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

அன்று மாலையே முதல் குத்து. சின்னவள் குத்தினாள். மேஸ்திரி தலையை உதறியதில் துளி சுவரில் போய்த் தெறித்தது. இரண்டாவது அவள் கட்டைவிரலில் இறங்கியது.

"தள்ளுடி" என்றாள் பெரியவள்.

மேஸ்திரியை மடியில் போட்டு, துணியைக் காதில் பொத்திக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். துணியில் அளவு பார்க்கும்போது முணுமுணுப்பதுபோல ஏதோ முணுமுணுத்தாள். பிறகு காதின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நீவி, நரம்பை விரலாலேயே கண்டுபிடித்து, ஒரே குத்து. பூனை கண்ணைத் திறக்கவில்லை.

"பாத்தியா? பொத்தான் கட்டுறதை விட லேசு."

சின்னவள் மிஷினை எட்டிப் பார்த்தாள். "இருநூத்தி எண்பத்து நாலு." ஒரு பழைய நோட்டில் தேதியும் மணியும் போட்டு எழுதினாள். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் தான் பார்ப்பது, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று மணிக்கு அக்கா பார்த்து எழுதி வைப்பது என்று ஏற்பாடானது. பெரியவள் சரி என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். துளியை விரல் ஈரத்தால் உணர்ந்தாள். ஸ்ட்ரிப்பைக் காட்டினாள். மிஷின் ஒரு தடவை கூவியது. எண் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் மிஷினை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். சாம்பல் நிறக் கட்டம் தெரிந்தது, அதன் ஓரங்கள் தெரிந்தன, அதைப் பிடித்திருக்கும் தன் விரல்கள் தெரிந்தன. நடுவில், எண் இருக்கவேண்டிய இடத்தில், ஈரக்கையால் தேய்த்த மாதிரி ஒரு கறை இருந்தது. பார்வையை நகர்த்தினால் கறையும் கூடவே நகர்ந்தது. முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் ஏதோ கறுப்பாகத் தெரியும். அது எட்டா மூன்றா என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

இது அவளுக்குப் புதிதில்லை. வலக்கண் போன வருஷமே இப்படி ஆகிவிட்டது. இடக்கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆறேழு மாதமாக அதுவும் தொடங்கியிருந்தது. நூல் கோக்க ஒரு கம்பிக் கொக்கி வைத்திருந்தாள். தையல் நேராகப் போக மிஷின் தட்டில் ஒரு காந்தத் துண்டை ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசிக்கொண்டே ஓட்டினாள். காலர் வளைவும் பாக்கெட் மூலையும் முப்பது வருஷமாகக் கைக்குத் தெரிந்தவை. கண் இல்லாமலும் தைத்துவிடலாம் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் எண் தையல் இல்லை. விரலை வைத்துத் தடவினால் அது கண்ணாடியாகத்தான் இருந்தது.

ரொம்ப நேரம் நோட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் தங்கை சத்தமாகச் சொன்ன எண் இருநூற்றுத் தொண்ணூறு. அதில் பத்தைக் குறைத்து, இருநூற்று எண்பது என்று குத்துமதிப்பாக எழுதினாள். கை பழகிய எழுத்து. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

அந்த மூன்று நாளும் ஊகம் அவளைக் கைவிடவில்லை. மாலையில் தங்கை பார்த்த எண்ணும் அதை ஒட்டியே வந்தது. சின்னவள் போனில் அனுப்பிய நோட்டின் படத்தை டாக்டரம்மா பார்த்துவிட்டு, சர்க்கரைதான் என்று உறுதியாகச் சொன்னாள். காலையும் மாலையும் சாப்பிட்ட பிறகு ஒரு யூனிட் இன்சுலின். ஊசி போடுவது சின்னவள் வேலை, பகலில் எண் பார்த்து எழுதுவது அக்கா வேலையாகவே தொடர்ந்தது.

அந்த வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. காற்று நின்றுவிட்டது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈர வாடை அடித்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

துணி வெட்டி அனுப்பும் கட்டிங் மாஸ்டர் அந்த இருட்டில்தான் ஒரு மத்தியானம் மாடி ஏறி வந்தார். தைத்துப் போன சட்டைகளில் ஒரு கட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். பெரியவளைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, முப்பத்திரண்டு சைஸ் உடம்புக்கு முப்பத்தாறு காலர் வச்சிருக்கீங்க. பன்னிரண்டு சட்டை. போட்டா பிள்ளைங்க தலை உள்ள போயித் தொலைஞ்சிடும்."

"சைஸ் சீட்டு மாறி வந்திருக்கும்."

"சீட்டு நான் வைக்கிறதுக்கா."

"அப்ப நீங்கதான் மாத்தி வச்சிருப்பீங்க."

"முப்பது வருஷமா மாத்தாதவன் இந்த மாசம் மட்டும் மாத்துறனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார். பெரியவள் அவர் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சமே இல்ல மாஸ்டர். நீங்களே பாக்குறீங்க இல்ல, வானம் எப்படிக் கிடக்குன்னு."

"ஆமா" என்றார். கட்டை மிஷின் ஓரமாக வைத்தார். "அவசரம் இல்ல. பிரிச்சுத் தச்சு வைங்க." படியில் இறங்கும்போது ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அதைக் கேள்விப்பட்ட சின்னவள் மறுநாளே புது ட்யூப் லைட் வாங்கி வந்து மிஷினுக்கு நேர் மேலே மாட்டச் செய்தாள். "இப்ப நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள். "பகல் மாதிரி இருக்குடி" என்றாள் பெரியவள்.

ஊசி ஆரம்பித்து ஒரு வாரமானதும் டாக்டரம்மா போனில் கூப்பிட்டாள். சின்னவள் காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். பெரியவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள்.

"மதியம் இறங்கவே இல்லையே. காலைல இருநூத்தி அறுபது, ஒரு மணிக்கு இருநூத்தி ஐம்பது. ஊசி போட்டு அஞ்சாறு மணி நேரத்துல நல்லா இறங்கணும். தண்ணி குடிக்கிறது எப்படி?"

"குறைஞ்சிருக்கு டாக்டர். வாளிப் பக்கமே போறதில்ல."

"அப்ப எண்ணும் குறையணுமே. மிஷின் சரியா இருக்கா?"

"நான் பாக்கிறப்ப சரியாத்தான் இருக்கு."

"விசித்திரமா இருக்கு. சரி, ஒன்றரை ஆக்குங்க. நாலு நாள் பாத்துட்டு இறங்கலைன்னா ரெண்டு. ஆனா ஒண்ணு, அது சரியா சாப்பிடலைன்னா ஊசி பாதிதான். அதை மறந்துடாதீங்க."

பெரியவளின் கையில் கரண்டி இருந்தது. வாயைத் திறந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சின்னவள் "அக்கா, பால்" என்றதும் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். சொல்ல வந்தது அதோடு உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் அதை வெளியே எடுக்க அவளால் முடியவில்லை.

எண் தெரியாவிட்டாலும் பூனை அவளுக்குத் தெரிந்தது. மத்தியானம் ஒரு மணி ஆனால் மேஸ்திரி அவள் காலைச் சுற்றிக்கொண்டு கத்தும். அது பசிக் கத்தல் மாதிரி இல்லை. குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. கோழித் துண்டு கொடுத்தால் மென்றும் மெல்லாமலும் விழுங்கும். ஒரு துண்டுக்கு நாலு துண்டாகக் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போய்த் துணிக்கட்டில் படுத்துக்கொள்ளும். அந்த நாலு துண்டுதான் அதை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவள் நோட்டில் இருநூற்று நாற்பத்தைந்து என்று எழுதுவாள். மறுநாள் இருநூற்று ஐம்பது. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஏற்றி இறக்கி எழுதினாள்.

ஊசி இரண்டு யூனிட் ஆனது.

இரண்டு யூனிட்டின் மூன்றாவது நாள் சின்னவள் எழுந்திருக்கவே தாமதமாகிவிட்டது. ஆலையில் அன்று ஆள் குறைவு, சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி தட்டை மோந்துவிட்டுப் பாதியில் விட்டது. அப்புறம் சாப்பிடும் என்று நினைத்து, முழு ஊசியையும் போட்டுவிட்டுப் படி இறங்கி ஓடினாள்.

மேஸ்திரி சாப்பிடவில்லை. பதினோரு மணிக்குக் கோழியை மூக்கின் அருகே காட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியவள் குத்தினாள், மிஷின் கூவியது, இருநூற்று முப்பது என்று எழுதினாள். பேனாவை வைத்த பிறகும் நோட்டிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள். வெளியே வெளிச்சம் இன்னும் இறங்கியிருந்தது. தெருவில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குத் துணிக்கட்டின் மேலிருந்து ஏதோ விழுந்தது. துணிக்கட்டுதான் சரிந்தது என்று நினைத்தாள். பிறகு நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, ஒரே சீராக.

மண்டியிட்டுத் தடவிப் பிடித்தாள். மேஸ்திரியின் உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. நாலு காலும் எதையோ ஓடிப் பிடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் ஈரமாக இருந்தது.

"மேஸ்திரி. ஏ மேஸ்திரி. இங்க பாரு."

காதைப் பிடித்ததும் விரல்கள் தம் வேலையைச் செய்தன. குத்து, துளி, ஸ்ட்ரிப். மிஷின் கூவியது. இந்தத் தடவை வேறு மாதிரி, மூன்று முறை கூவியது. ஜன்னலுக்கு ஓடினாள். கட்டத்துக்குள் கறை. முகத்தை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள். ஏதோ கறுப்பாக மட்டும் தெரிந்தது. இப்படிக் கூவினால் எண்ணாக இருக்காது. எழுத்து. ஹையா, லோவா.

ஹை என்றால் இன்னும் ஊசி வேண்டும். லோ என்றால் சர்க்கரை கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தன் கையாலேயே அது முடிந்துவிடும். நோட்டில் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஹை. ஆனால் நோட்டில் எழுதியது அவளல்லவா.

தைத்து வைத்திருந்த சட்டை ஒன்றில் மேஸ்திரியைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் மிஷினும் போனுமாகப் படியிறங்கினாள். கடைசிப் படி இருக்கிறது என்று தெரியாமல் காலை வைத்து, சுவரில் தோள் மோதி நின்றாள். ஜெராக்ஸ் கடைக்காரி தாளைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா."

"என்னக்கா இது, பூனைக்கு என்ன ஆச்சு?"

"இதுல என்ன போட்டிருக்கு? சீக்கிரம் சொல்லு."

கடைக்காரி மிஷினைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். "எண்ணு இல்லக்கா. எல்லுன்னு ஒரு எழுத்து. பக்கத்துல ஓ."

"நல்லாப் பாத்தியா? எச் இல்லையே?"

"இல்லக்கா. எல், ஓ. ஏன், உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள், பெரியவளின் கண்கள் தன் முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என் போன்ல டாக்டருக்குப் போடு. எனக்கு அதுவும் தெரியாது."

டாக்டரம்மா சொன்னபடி கடைக்காரி டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்தாள். பெரியவள் அதை விரலில் தொட்டு மேஸ்திரியின் ஈறில் தேய்த்தாள். பல் பட்டு விரல் கிழிந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை. கடையைப் பூட்டாமலே கடைக்காரி ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, பூனையை மடியில் கிடத்தி, வழியெல்லாம் பெரியவள் அதன் ஈறைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

செய்தி கேட்டு, வீட்டுக்குப் போய் நோட்டையும் எடுத்துக்கொண்டு சின்னவள் டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. உடம்பெல்லாம் சோப்பும் ஆவியும் கலந்த வாடை. மேஸ்திரி உள்ளே ஒரு கூண்டில் காலில் குழாயோடு படுத்திருந்தது. அடிப்பது நின்றிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை.

"உயிர் இருக்கு. மூளைக்கு எவ்வளவு நேரம் சர்க்கரை போகலைன்னு தெரியாது. நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றாள் டாக்டரம்மா. மிஷினைக் கையில் வாங்கி ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். முகம் மாறியது. "இதோட நினைவுல எல்லா எண்ணும் நிக்கும். உங்க நோட்டை எடுங்க."

மதியம் ஒரு மணி, மிஷினில் எண்பத்தெட்டு. நோட்டில் இருநூற்று ஐம்பது. மறுநாள் எழுபத்து நாலு. நோட்டில் இருநூற்று நாற்பத்தைந்து. அறுபத்தொன்று. ஐம்பத்து மூன்று. இன்று பதினோரு மணிக்கு நாற்பத்திரண்டு. நோட்டில் இருநூற்று முப்பது.

"ஒரு தடவைகூட விடாம பாத்திருக்காங்க" என்றாள் டாக்டரம்மா. "எல்லாம் மணிப்படி இருக்கு. ஆனா பகல்ல எழுதினது ஒண்ணுகூட இதுல இல்ல. நான் இந்த நோட்டை நம்பித்தான் ஊசியை ஏத்தினேன்." நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வராந்தா பெஞ்சில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். விரலில் கட்டு. கடைக்காரி கடையைத் திறந்து போட்டு வந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டிருந்தாள். சின்னவள் உட்காரவில்லை.

"குத்தியிருக்க. பாத்திருக்க. அறுபத்தொண்ணுன்னு வந்திருக்கு, நீ இருநூத்தி நாப்பதுன்னு எழுதியிருக்க. ஏன்?"

பெரியவள் விரல் கட்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியாமதான் கேக்கிறேன். அது உன்னை என்ன பண்ணுச்சு? நான் வந்து உக்காந்தது பாரமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும். வாயில்லாத ஜீவனைக் கொல்லப் பாத்தியா?"

"அப்படிப் பேசாதடி."

"பின்ன எப்படிப் பேச? சொல்லு. எப்படிப் பேச?" நோட்டை விரித்து அக்காவின் மடியில் வைத்தாள். "இது உன் கையெழுத்துதானே. படி. இன்னைக்கு என்ன எழுதின, படி."

"ஒன்பது மணி இருநூத்தி ஐம்பது. பதினோரு மணி இருநூத்தி முப்பது."

கடகடவென்று சொன்னாள். சின்னவள் நோட்டைப் பார்த்தாள். கோபத்தில் அவள் விரித்தது இன்றைய பக்கம் இல்லை. எண்ணே இல்லாத வெற்றுப் பக்கம். அக்கா அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடிதான் சொல்லியிருந்தாள்.

உள்ளே எங்கோ ஒரு நாய் முனகியது.

"அக்கா."

"நடுவுல இல்லடி" என்றாள் பெரியவள். "ஓரமெல்லாம் இருக்கு. கதவு தெரியுது, நீ நிக்கிறது தெரியுது. நேரா பாத்தா அந்த இடம் மட்டும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"வலது போன வருஷம். இது ஒரு ஆறு மாசமா."

"ஏன் சொல்லல?"

"அப்பாவை நினைச்சுக்கிட்டேன். கண்ணு போனதும் நாம அவரை என்ன பண்ணினோம்? நல்லாத்தான் பாத்துக்கிட்டோம். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குக் குளியல். யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டோமா, எதையாவது? மேஜை நாற்காலியைத் துடைக்கிற மாதிரி அவரையும் துடைச்சு வச்சோம்." கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "நீ ஒரு வேலை குடுத்தா என்னால செய்ய முடியலைன்னு சொல்ல வாய் வரல. மூணு நாள் சரியா வந்துச்சு. அப்படியே ஓடிடும்னு நினைச்சேன். அது மத்தியானம் கத்துறப்ப எனக்குத் தெரியும்டி. ஏதோ சரியில்லைன்னு தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

சின்னவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். "காலைல பாதிதான் சாப்பிட்டுச்சு" என்றாள். "நான் முழு ஊசி போட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. நேரமாச்சுன்னு போட்டேன்."

பெரியவள் சமாதானம் சொல்லவில்லை. டாக்டரம்மா விளக்கைப் போடுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மேஸ்திரி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது. ஆனால் ஒரே பக்கமாக வட்டம் போட்டு நடந்தது. துணிக்கட்டில் ஏறத் தெரியவில்லை. தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. ஊசி அரை யூனிட்டுக்கு இறங்கியது. பெரியவள்தான் குத்தினாள். மதியத்துக்கு ஜெராக்ஸ் கடைக்காரி மேலே வந்து எண்ணைச் சொல்லி, அவளே எழுதிவிட்டுப் போனாள். பெரியவள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிப்பாள். கட்டிங் மாஸ்டர் புதுக் கட்டு அனுப்பவில்லை. ஆள் அனுப்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக அவள் இரண்டு வாரம் சாக்குச் சொன்னாள். மழை என்றாள், முட்டி என்றாள், பூனையை யார் பார்ப்பார்கள் என்றாள். கடைசியில் சின்னவள் ஒரு நாள் விடுப்பெடுத்துக் கையோடு கூட்டிப்போனாள்.

நீளமான அறை. ஒரு கோடியில் எழுத்து அட்டை, விளக்குப் பெட்டிக்குள். மறுகோடியில் நாற்காலி. காத்திருப்பவர்களுக்கு அதற்குப் பக்கத்திலேயே பெஞ்சு. இவர்களுக்கு முன்னால் ஐந்து பேர். ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மேலிருந்து கீழே எழுத்துகளை வாய்விட்டு வாசித்தார்கள். சின்னவள் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பெரியவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தாள்.

பெரியவள் முறை வந்தது. பரிசோதிக்கிற பெண் சின்ன வயதுக்காரி; அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வலது கண்ணை மூடச் சொன்னாள்.

"மேல இருந்து சொல்லுங்கம்மா."

"ட. அடுத்த வரி ப, ய. அடுத்தது ம, ல, ட. அதுக்குக் கீழ வ, ப, ர, ய."

தடங்கல் இல்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெண் தாளில் எழுதிக்கொண்டே, "நல்லாத்தானே தெரியுது. யாரு தெரியலைன்னு சொன்னது?" என்று சிரித்தாள்.

பெரியவள் சின்னவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அட்டையை மாத்துங்க" என்றாள் சின்னவள்.

"எதுக்கும்மா?"

"வேற அட்டை இருந்தா போடுங்க."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்ப் பெட்டியைத் திறந்து, அட்டையை உருவி, வேறொன்றைச் செருகினாள். பெரியவள் உள்ளங்கையால் வலக்கண்ணைப் பொத்தியபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. மறுபடி நேரானது.

"முதல் வரி மட்டும் சொல்லுங்கம்மா. ஒரே எழுத்துதான். பெருசா இருக்கு. அவசரமில்ல."

"ட" என்றாள் பெரியவள்.

சின்னவள் அட்டையைப் பார்த்தாள். அதில் இருந்தது ம.